தீவுக்கு விருந்தினராய்ப் போவோம்

ஒரு முதலாந் தவணையின் இறுதி நாட்களிலே, பத்தாம் வகுப்பு மாணவருக்கு நெய்தல் நிலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுப்பு முழுவதும் ஒருமித்துக் கூறிற்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பனவும் தடையின்றி வந்தன. மகிழ்ந்தேன். “நல்லது, கொண்டல் என்பது எத்திசையிலிருந்து வீசும் காற்று?” என்று வினவினேன். விடை இல்லை. “சோளகம்?” அதற்கும் இல்லை. “கச்சான்?” என்றேன். “காலிமுகத்திடலிலே சுருள் சுற்றி விற்பது, சேர்” என்றான் ஒருவன்! வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். ஆயினும் அச்சிரிப்பு வீடு சேருமுன்னரே அடங்கிவிட்டது.

இம்மாணவரிற் பலர் வெள்ளவத்தையிலே, கடலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு வாழ்பவர். புகையிரதப் பாதைக்கு அப்பால் அலை புரள்கின்றது. இப்பால் மாடிக்குடியிருப்பின் ஆறாவது தளத்திலே இவர்கள் நெய்தலின் இலக்கணத்தை மனனஞ் செய்கின்றனர். வேறு சிலர் கொட்டாஞ்சேனையிலே, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் தூரத்தில் வளர்பவர். இரு சாராரும் கடலின் அயலவரே. ஆயின், அக்கடலில் வீசுங் காற்றின் பெயரை அறியார். இதனிலும் வியப்பானது ஒன்று உண்டு. இவர்களுட் பெரும்பாலாரின் பாட்டன்மார் வேலணையிலோ, புங்குடுதீவிலோ, ஊர்காவற்றுறையிலோ, நெடுந்தீவிலோ பிறந்தவர். அக்காற்றுகளின் பெயர்களை நாட்காட்டிபோல் நாவில் வைத்திருந்தவர்.

அன்று, விடுமுறையிலே எங்கே போகின்றீர்கள் என்றும் கேட்டேன். மாலைதீவு என்றான் ஒருவன். சிங்கப்பூர் என்றான் மற்றொருவன். பெந்தோட்டையிலே நீச்சற்குளம் உள்ள விடுதி என்றனர் இருவர். எஞ்சியோர் தனியார் வகுப்புக்குப் போவதாகச் சொல்லித் தலை கவிழ்ந்தனர். தீவுக்குப் போய் இளைப்பாற வேண்டும் என்ற ஆசை எல்லாரிடத்தும் இருக்கின்றது. அத்தீவு தம் பாட்டன் ஊராகவும் இருக்கலாம் என்ற எண்ணம் ஒருவரிடத்தும் இல்லை. இக்குறையைப் பற்றியே எமது பழைய மாணவரோடு சிறிது பேச விழைகின்றேன்.

முதலில் எனது பிழையைச் சொல்லிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் இருபத்தெட்டுப் பேரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றேன். அதனைச் சுற்றுலா என்றே கூறினேன். அஃது அவ்வாறே அமைந்தது. காலையிலே குறிகட்டுவானில் படகேறினோம்; பிற்பகற் படகிலே திரும்பினோம். இடையிலுள்ள சில மணி நேரத்துள் வாடகை வண்டிகளில் ஏறிப் பெருக்கமரம் கண்டோம். ஒல்லாந்தர் கோட்டை என வழங்கும் இடிபாட்டைக் கண்டோம். புறாக்கூட்டுக் கோபுரம், வளரும் கல், குதிரைகள் யாவற்றையும் கண்டோம். ஒவ்வோர் இடத்திலும் படம் எடுத்தோம். கொழும்பிலிருந்து கொண்டுபோன சோற்றுப் பொதிகளைப் பிரித்து உண்டோம். எவர் வீட்டுப் படலையையும் திறந்தோமில்லை. எவரொடும் பத்துச் சொற் பேசினோமில்லை. படகுத்துறையிலே நின்றபோது, எமது வெறும் போத்தல்கள் குவிந்து கிடந்த மூலையைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “வாத்தியார், குதிரையளைப் பாத்தியளோ?” என்றார். “பார்த்தோம்” என்றேன். “நல்லது. மனிசரும் இருக்கிறம்” என்று சொல்லிவிட்டுக் கூட்டலைத் தொடர்ந்தார்.

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் என்னுள் நின்றுவிட்டது.

இதற்குப் பின்னர் ஒரு சித்திரை விடுமுறையில் மறுபடியும் போனேன். இம்முறை மாணவர் பதினால்வர், ஆசிரியர் இருவர், மூன்று இரவுகள். அறிமுகமான ஒருவர் வாயிலாக அடுத்தடுத்துள்ள இரண்டு வீடுகளிலே தங்குவதற்கு ஒழுங்கு செய்தோம். உணவும் அவ்வீட்டாரே ஆக்கித் தந்தனர். எமக்குத் திட்டம் என ஒன்றும் இல்லை. விடிந்தால் எழுவது, அவர்கள் செய்வதைப் பார்ப்பது, முடிந்தால் உடன் செய்வது, வெயிலேறினால் திண்ணையிற் சாய்வது, இவையே எமது நிகழ்ச்சி நிரல்.

வெள்ளவத்தையிலிருந்து இராப் பேருந்தில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடக்கும்போதே நிலத்தின் இயல்பு மாறிவிடுகின்றது. இரு மருங்கும் ஆழமற்ற கடல், நீருக்குள் நட்ட தடிகளிலே வலைகள், அவற்றின்மீது நீர்க்காகங்கள். அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி மற்றுமொரு நெடுந் தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடைகின்றோம். புங்குடுதீவு எனது தாயின் ஊர். வண்டியை நிறுத்தி, யான் குழந்தைப் பருவத்தில் வாழ்ந்த வளவைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கூரை இல்லை. நடுவறையில் வடலி ஒன்று ஆளுயரம் வளர்ந்து நிற்கின்றது. கிணற்றுக்கட்டு மாத்திரம் செம்மையாக இருக்கின்றது. 1991ஆம் ஆண்டிலே இவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். அவர்களோடு எமது குடும்பமும் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. அன்று பூட்டிய வீட்டின் திறப்பை என் தாயார் இறக்கும்வரை பெட்டியிலே வைத்திருந்தார். கதவோ எப்போதோ போய்விட்டது. பிள்ளைகள் ஒன்றும் பேசாது நின்றனர். பின்னர் ஒருவன், “சேர், எங்கள் அம்மப்பாவும் புங்குடுதீவுதான், எந்த இடம் என்று தெரியாது” என்றான். எமது நிலை முழுவதும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றது.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் உளது. சிறிது நேரத்திலே சென்றுவிடலாம். நாகபூசணி அம்பாள் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் செல்வோர் கூட்டம் எந்நாளும் அங்கே உண்டு. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் வீசும் மாதங்களில் படகு துள்ளும், வயிறு கலங்கும். சித்திரையிற் கடல் பாய் விரித்தாற்போல் கிடக்கும். படகின் தளத்திலே மாமூட்டை, சீமெந்து, எரிவாயுக் கொள்கலன், கோழிக்கூடு, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் நோயாளர் எல்லாம் ஒருங்கே வருவர். நோயாளி ஒருவருக்கு இடம் விட்டு எழுந்து நின்றபோதுதான், இக்கடல் எமக்குக் காட்சி, இவர்களுக்குத் தெரு என்பது பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவிலே, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்களே வாழ்ந்தனர். வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போனோர் மிகப் பலர். மரவேலிக்கும் கிடுகுவேலிக்கும் பதிலாக முருகைக்கல் அடுக்கிய மதில்களே வளவுகளைச் சூழ்ந்துள்ளன. சாந்து இல்லை, கல்லின்மேற் கல்லாக அடுக்கிய கையின் திறமே அதனை நிறுத்திவைக்கின்றது. ஓரிடம் சரிந்தால் வீட்டுக்காரர் மாலையில் வந்து மீள அடுக்குவார். எம் மாணவர் இருவர் ஒரு முழ நீள மதிலை அடுக்க முயன்று, மூன்றுமுறை சரித்து, நான்காம் முறை வென்றனர். பரீட்சையிலே சிறப்புச் சித்தி பெற்றபோதுகூட அவர்கள் முகத்தில் அத்துணை மகிழ்ச்சியை யான் கண்டிலேன்.

இவ்விடத்தே நீரைப் பற்றிச் சொல்லியாதல் வேண்டும். தீவின் உயிர் அதிலேதான் இருக்கின்றது.

சுண்ணக்கல் நிலத்திலே பெய்யும் மழை கீழிறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரினும் இலேசானது, ஆதலின் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு முழம் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது முழம் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஒரு முழம் குறைந்தால் கீழேயுள்ள உப்பு நாற்பது முழம் ஏறிவரும் என்பதும் அக்கணக்கே. ஆகவே, தீவிலே கிணற்றை இயந்திரம் வைத்து இறைத்தல் எதிர்காலத்தை இறைத்தலாகும். நெடுந்தீவிலே பல கிணறுகள் உவர். நன்னீர்க் கிணறுகள் சிலவே. வறண்ட மாதங்களிலே குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளை நாளேடுகளிற் படித்திருக்கின்றோம்.

இவற்றை யான் பேருந்திலேயே பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தேன். இருந்தும் என்ன? முதல் நாள் மாலையிலே, வெயிலும் புழுதியும் தீரப் பதினால்வரும் கிணற்றடிக்குப் போயினர். கொழும்பிலே குழாயின்கீழ் நின்று பழகிய பிள்ளைகள். வாளிமேல் வாளியாய் வார்த்தனர். சிரிப்பொலி கேட்டுப் போய்ப் பார்த்தபோது கிணற்றின் அடி தெரிந்தது. வீட்டுக்கார ஆச்சி ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தார். எங்கே போகின்றீர்கள் என்று கேட்டேன். “அங்காலை ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருக்குது, தம்பி. இது விடியத்தான் ஊறும். பிள்ளையள் குளிக்கட்டும், பாவம், களைச்சுப்போய் வந்ததுகள்” என்றார். அரை மைல் தூரம். எழுபது வயதைத் தாண்டியவர்.

பிள்ளைகள் வாளியை வைத்துவிட்டனர். நால்வர் ஓடிப்போய்க் குடங்களை வாங்கிக்கொண்டனர். மறுநாள் முதல் ஆளுக்கு இரண்டு வாளி என்று தாமே வரையறுத்தனர். யான் பேருந்திலே ஒரு மணி நேரம் சொல்லியும் ஏறாத பாடம், அந்தப் படலை திறந்த ஓசையிலே ஏறிற்று. இதனாலேயே சொல்கின்றேன்: தீவைப் பார்த்து வருதல் வேறு, தீவிலே இருந்து வருதல் வேறு. பார்ப்பவன் கடனாளி ஆவதில்லை. இருப்பவன் ஒருவருடைய நீரை அருந்திக் கடன்படுகின்றான். அக்கடனே உறவு.

எஞ்சிய நாட்கள் இனிமையாகவே கழிந்தன. விடியற்காலையிலே நுங்கு, காலையிலே வள்ளம் கரைசேர வலை இழுத்தல், நண்பகலிலே உறக்கம். ஒருநாள் மாலை ஒடியற்கூழ் காய்ச்சினர். நண்டும் மீனும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும், புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து ஒரு பெரும் பானையிற் கொதித்தன. சைவ உணவினருக்குத் தனியே சிறு பானை. பனையோலையிலே பிளாக் கோலி, முற்றத்தில் வட்டமாய் இருந்து குடித்தோம். சூட்டையும் உறைப்பையும் தாங்காது கண்ணீர் வடித்தவாறே மறுபிளாக் கேட்டனர் கொழும்புப் பிள்ளைகள். பின்பு மீன்பிடிகாரர் ஒருவர் காற்றுக்களைப் பற்றிச் சொன்னார். வாடை வரும் திசை, கொண்டல் தணியும் காலம், சோளகம் எழும்போது எந்த மீன் எப்பக்கம் போகும் என்பன யாவும் கைவிரலால் மணலிற் கீறி விளக்கினார். “கச்சான் எண்டால் மேக்காலை வாறது” என்று அவர் தொடங்கியபோது, அன்று வகுப்பிலே கடலை என்று சொன்னவன் என்னைப் பார்த்தான். யான் அவனைப் பார்த்தேன். இருவரும் சிரித்தோம். இம்முறைச் சிரிப்பிலே குறை இல்லை.

நிற்க. தீவுகளின் பெருமை கூழிலும் நுங்கிலும் மாத்திரம் அடங்கியதன்று. எம் மாணவர் பாடநூலிலே தேடும் வரலாறு அங்கே கல்லிலும் மண்ணிலும் கிடக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே ஒரு கல்வெட்டைப் பொறிப்பித்தான். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் கொணரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. ஏனைச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்பது அதன் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டிலே அதனை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வாணை தமிழிலே எழுதப்பட்டிருக்கின்றது. சிங்கள மன்னன் ஒருவன் துறைமுகத்து மக்களின் மொழியிலே ஆணை பிறப்பித்தான் என்ற செய்தி இந்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிய வேண்டியதன்றோ?

ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று; வேலணை லைடன்; புங்குடுதீவு மிடில்பேர்க்; நயினாதீவு ஹார்லெம்; நெடுந்தீவு டெல்வ்ற். ஏனைய பெயர்கள் ஏட்டோடு போக, டெல்வ்ற் என்பது மாத்திரம் இன்றும் வழங்குகின்றது. எம் பிள்ளைகளுட் சிலருக்கு அப்பெயரே தெரியும். நெடுந்தீவு என்றால் வேறோர் இடமோ என்கின்றனர். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964ஆம் ஆண்டிலே தோற்றுவிக்க முன்னின்ற தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே 1913ஆம் ஆண்டிற் பிறந்தவர். எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் புங்குடுதீவினர். நன்னீர்க் கிணற்றிலே எல்லாச் சாதியாரும் நீரள்ளும் உரிமை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டிலே தம் ஊரிற் போராடி அடிபட்டவர், 1973இலே மறைந்தார். தீவின் பண்பாடு என்று சொல்லும்போது ஆச்சியின் குடத்தைச் சொல்லும் யாம், நீரை மறுத்த கைகளையும் மறைக்காது சொல்லல் வேண்டும். இரண்டும் எம்முடையனவே.

துயரத்தையும் மறைத்தல் ஆகாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகிலே பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். தீவார் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்கின்றனர். எம் பிள்ளைகள் படகிற் பாடிச் சென்ற அதே நீர் அது. அவர்களிடம் அதனைச் சொல்வதா என்று யான் தயங்கினேன். ஆச்சியே சொன்னார், தம் அயல்வீட்டார் அப்படகில் இருந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “சரி, சாப்பிடுங்கோ” என்றார். அன்றிரவு பிள்ளைகள் நெடுநேரம் உறங்கவில்லை. ஓய்வு நாடிப் போன இடத்தில் இஃது எதற்கு என்று கேட்போர் கேட்கலாம். வாழ்ந்தோரின் துயரை அறியாது அவர் மண்ணில் இளைப்பாறுதல் எனக்கு உவப்பாக இல்லை.

இனி, எதிர்க்கூற்றுக்களை நோக்குவோம். பெற்றோர் கூறுவது ஒன்று: “விடுமுறையிலே வகுப்புகள் உண்டு, நாலு நாள் போனால் பாடம் போய்விடும்.” போகும் பாடத்தைப் பின்னர் பிடித்துக்கொள்ளலாம். பாட்டனின் ஊரை அறிந்தோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அப்பாடத்தைப் பின்னர் கற்பிக்க ஆள் இராது.

“தீவுகளுக்குப் பெரிய விடுதிகளும் பெருங்கூட்டமும் வந்தாலன்றோ பிழைப்பு வரும்? உமது பதினால்வரால் ஆவதென்ன?” என்பர் வேறு சிலர். இது தள்ளிவிடக்கூடிய வினாவன்று. தீவாருக்குத் தொழில் வேண்டும். இளைஞர் அங்கே தங்க வேண்டுமானால் வருமானம் வேண்டும். ஆயின் பிற நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தல் நலம். மாலைதீவிலே 1972ஆம் ஆண்டிலே உல்லாசப் பயணத்தொழில் தொடங்கிற்று. ஆளில்லாத தீவுகளிலே விடுதி கட்டி, வந்தவரை அங்கேயே வைத்திருந்தனர். நாட்டுக்குப் பணம் வந்தது. வந்தவரோ மாலைதீவாரின் வீட்டு வாசலைக் காணாமலே மீண்டனர். 2009ஆம் ஆண்டளவிலேதான் மக்கள் வாழும் தீவுகளிலே சிறு விருந்தினர் இல்லங்கள் வைக்க இடங் கொடுத்தனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் பொராக்காய் என்னும் சிறு தீவிலே இதன் மறுபக்கத்தைக் காணலாம். கூட்டம் மிகுந்து, கழிவுநீர் கடலிற் கலந்து, ஈற்றில் 2018ஆம் ஆண்டிலே அரசே அத்தீவை ஆறு மாத காலம் மூடி வைத்தது. முன்னையதில் உறவு இல்லை. பின்னையதில் அளவு இல்லை. மெல்லிய நீர்ப்படையின்மேல் மிதந்து வாழும் நெடுந்தீவுக்கு இரண்டும் பொருந்தா. வீட்டிலே தங்கி, வீட்டாருக்கே பணங் கொடுத்து, கிணறு தாங்கும் அளவில் ஆள் போதலே பொருந்தும். பதினால்வரால் ஆவது சிறிதே. ஆயின் ஆண்டு முழுவதும் பல கல்லூரிகளிலிருந்து பதினால்வர் பதினால்வராய்ப் போனால் அது சிறிதன்று.

மூன்றாவது கூற்று, தீவிலிருந்து வந்த முதியோர் சிலருடையது. “அந்த உப்புக் காற்றையும் வறட்சியையும் விட்டோடி வந்தோம், பிள்ளைகளை ஏன் மீண்டும் அங்கே இழுக்கின்றீர்?” என்பர். அவர்தம் நோவை யான் மதிக்கின்றேன். எனது தாயாரும் அப்படிச் சொன்னவரே. எனினும், வெறுத்து வந்தவர் திறப்பை ஏன் பெட்டியில் வைத்திருந்தார்? பிள்ளைகளை அங்கே குடியேறச் சொல்லவில்லை. பெட்டியிலுள்ள திறப்பு எந்தக் கதவுக்குரியது என்று அவர்கள் அறியட்டும் என்பதே எனது விண்ணப்பம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு சிறு யோசனையை வைக்கின்றேன். ஜூபிலி ஆண்டுகளிலே வாயில் வளைவு கட்டுவதும் மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதும் வழக்கம். அவை வேண்டாதன அல்ல. அவற்றோடு ஒரு சிறு நிதியைத் தீவு விடுமுறைக்கென ஒதுக்குவீர்களாயின், ஆண்டுதோறும் சித்திரையிலும் மார்கழியிலும் பதினைந்து மாணவர் மூன்று இரவுகள் தீவிலே தங்கி வரலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதலிடம். பணம் இடைத்தரகரிடம் போகாது வீட்டாரின் கையிலே சேர்தல் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி நீர். கொண்டுபோன பிளாஸ்ரிக் ஒவ்வொன்றும் கொழும்புக்கே திரும்புதல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் ஒரு முதியவரிடம் கேட்டறிந்த சொற்களையோ, கதையையோ, தொழில் நுட்பத்தையோ எழுதி, ஒரு பிரதியை எமது நூலகத்திலும் மற்றொரு பிரதியைத் தீவுப் பாடசாலையிலும் வைத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளிலே அது ஒரு நூலாகும்; பத்து ஆண்டுகளிலே அந்நூலைச் சொன்னவர் பலர் இரார்.

இன்னுமொன்று உளது. அதுவே இந்த யோசனையின் முதன்மையான பகுதி என்று இப்போது எண்ணுகின்றேன். யான் அதனைத் தானாக எண்ணிப் பெற்றேனல்லேன்.

புறப்படும் நாட்காலை ஆச்சி எங்களோடு படகுத்துறை வரையும் வந்தார். பனாட்டுப் பொதி ஒன்றும் புழுக்கொடியற் பை ஒன்றும் தந்தார். பணத்தை மடித்துக் கொடுத்தேன். பேசியதற்கு மேல் ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். பின்பு, இயல்பாகப் பேசுவதுபோலக் கேட்டார்: “தம்பி, என்ரை பேரப்பெடியன் வாற வருசம் கொழும்புக்கு ஒரு சோதினைக்கு வரவேணும். லொட்ஜிலை நிண்டால் நாளுக்கு எவ்வளவு வரும்?”

பதினாறு பேர் அவர் வீட்டிலே மூன்று நாள் உண்டு உறங்கி எழுந்தோம். அவர் பேரன் கொழும்பிலே தங்க ஒரு வீடு உண்டு என்ற எண்ணம் அவருக்கும் வரவில்லை. அந்நொடிவரை எனக்கும் வரவில்லை. விருந்து என்பது ஒருவழிப் பாதையாகவே எமக்குப் பழகிவிட்டது. தீவுக்குப் போகும் ஒவ்வொரு மாணவனின் வீடும், தீவிலிருந்து வரும் ஒரு மாணவனுக்குக் கதவு திறக்குமாயின், அப்போதே இஃது உறவாகும். இல்லையேல், யாம் சற்றுக் கூடுதலான நாள் தங்கிய பார்வையாளர் மாத்திரமே.

“லொட்ஜ் வேண்டாம், ஆச்சி. எங்கடை வீட்டுக்கு வரட்டும்” என்றேன். பேரன் வந்தான், எனது மகனின் அறையிலே ஒரு கிழமை தங்கினான். இரண்டாம் நாள் மாலை இருவரும் புகையிரதப் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போயினர். திரும்பி வந்த என் மகன், “அப்பா, இப்ப வீசுறது சோளகமாம்” என்றான். வெள்ளவத்தைக் கடற்கரையிலே அக்காற்று எத்தனையோ ஆண்டுகளாய் வீசுகின்றது. எமது வீட்டிலே அதற்குப் பெயர் வந்தது அன்றுதான்.

எனது வீட்டிலே இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. பழைய மாணவராகிய உங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்று எழுதி அறிவிப்பீர்களாக.